முகம் மட்டும் கையால்

குரும்பலூரில் துறையூர் ரோட்டை ஒட்டி ஒரு தச்சுப் பட்டறை. நிலை, கதவு, கட்டில் எல்லாம் இழைப்புளிச் சத்தத்தோடு உருவான இடம். இப்போது நடுவில் ஒரு சி.என்.சி. ரூட்டர் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. பென் டிரைவில் படத்தை ஏற்றி, தேக்குப் பலகையை மேசையில் இறுக்கிவிட்டு ஆள் டீ குடிக்கப் போய்விடுகிறார். அவர் திரும்பி வரும்போது கஜலட்சுமிக்கு இரு பக்கமும் யானைகள் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. "அரும்பாவூர் ஆளுங்ககிட்ட குடுத்தா மாசக் கணக்காகும் சார். இது காலையில போட்டா சாயங்காலம் ரெடி" என்றார் பட்டறைக்காரர். அவர் குரலில் பெருமையும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. தொழில்காரரின் கணக்கு அது.

அதே கணக்கை மரச்சிற்பத்துக்குப் பேர்போன அரும்பாவூரில் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினேன். பெரம்பலூர் வந்து ஆத்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் போனால், மேற்கே பச்சைமலை தெரிகிறது. அடிவாரத்தில் அரும்பாவூரும் தழுதாழையும். வழியெல்லாம் மக்காச்சோளமும் பருத்தியும். ஊருக்குள் நுழைந்ததும் வாசலில் கிடக்கும் மரக்கட்டைகளே விலாசம் சொல்லிவிடுகின்றன.

அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020 மே மாதம். தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாரும் இங்குள்ள கைவினைஞர் சங்கங்களும் சேர்ந்து விண்ணப்பித்துப் பல வருடம் காத்திருந்து பெற்றது அது. வந்த நேரத்தைப் பாருங்கள்: கொரோனா ஊரடங்கு. கோயில் நடை சாத்தியிருந்தது, திருவிழா கிடையாது, லாரி ஓடவில்லை. பத்திரிகையில் பெயர் வந்த வாரத்தில் பட்டறையில் ஆர்டர் இல்லை.

நான் போன பட்டறை தகரக் கொட்டகைதான். அறுபதைத் தாண்டிய ஆசாரி ஒருவர் இரண்டடி விநாயகர் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். வாகை மரம். ஒரே கட்டை, ஒட்டு கிடையாது. வெளிர் மஞ்சளாக இருக்கும் வெளிமரம் காதோரம் வரும்படியும், கரும்பழுப்பான வைரப்பகுதி வயிற்றுக்கும் துதிக்கைக்கும் வரும்படியும் கட்டையைத் திருப்பி வைத்துத்தான் முதல் கோடே போட்டிருக்கிறார். சாயம் பூசாமலே இரண்டு நிறம் வந்துவிடுகிறது.

கொட்டாப்புளியால் உளியை அவர் அடிப்பது வெளியே கேட்கவில்லை. தட்டுகிறார், அவ்வளவுதான். கண்ணுக்குப் பென்சிலால் போட்ட கோடு ஒவ்வொரு செதிலோடும் போய்விடுகிறது, மறுபடி வரைகிறார், மறுபடி செதுக்குகிறார். துதிக்கை வளையும் இடத்தில் மரத்தின் நார் குறுக்கே ஓடுகிறது. அங்கே வந்ததும் உளியை எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். அப்படியே தள்ளியிருந்தால் சில்லு பெயர்ந்திருக்கும் என்று காட்டினார்.

"மெஷின் நல்லாத்தான் செதுக்குது தம்பி. பொய் சொல்லக் கூடாது. ஆனா எல்லாச் சாமிக்கும் ஒரே மூஞ்சி."

அவர் மெஷினுக்கு எதிரி அல்ல. பட்டறையின் பின்னால் பையன்கள் செயின் சா கொண்டுதான் கட்டையைப் பிளந்து, தோராய உருவம் எடுக்கும் உருட்டு வேலையை முடிக்கிறார்கள். முன்பு வாச்சியால் நாள் கணக்கில் கொத்திய வேலை அது. பள்ளங்களைக் கிரைண்டர் எடுத்துவிடுகிறது. பெண்கள் உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் போடுகிறார்கள். கைகளின் மடிப்பு, நகைகள், எல்லாவற்றுக்கும் மேலாக முகம், இவை மட்டும் பெரியவர் கைக்கு வருகின்றன. உடம்பின் மற்ற அளவுகளெல்லாம் முக அளவிலிருந்தே பிறக்கும் தால முறை இவர்களுடையது. அதனால் எந்த வேலையை மெஷினுக்குக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் குழப்பமே இல்லை.

வேலையை இப்படிப் பிரித்துக் கொடுப்பது இவர்களுக்குப் புதிதும் அல்ல. இந்த ஊரின் முதல் தொழில் தேர். இலுப்பை, வேங்கை, தேக்கு என்று மரம் இறக்கி, கோயில் வாசலிலேயே கொட்டகை போட்டு, மாதக்கணக்கில் தங்கிச் செய்யும் வேலை. ஒருகாலத்தில் சக்கரமும் அச்சும்கூட மரத்தில்தான் செய்தார்கள். பிறகு திருச்சி பெல் நிறுவனம் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்யத் தொடங்கியது. திருவாரூர் ஆழித்தேர் இன்று ஹைட்ராலிக் பிரேக் போட்டுத்தான் நிற்கிறது. தச்சர்கள் சண்டைக்குப் போகவில்லை. எடை தாங்குவதை இரும்புக்கு விட்டார்கள், சிற்பம் நிற்கும் அடுக்குகளைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். மேலாண்மைப் படிப்பில் இதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருப்பார்கள். இங்கே அது பழக்கம்.

ஆனால் தேர் மட்டும் சோறு போடாது. கோயில் வேலை டெண்டரில் வருகிறது. மரம் கன அடிக் கணக்கு. பில் பாஸாக நாளாகும். ஒரு தேர் முடிந்தால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளிகளில்தான் சிலை வேலை வளர்ந்திருக்கிறது. முதலில் சாமி வாகனங்கள், பிறகு வீட்டுப் பூஜையறைக்கும் ஓட்டல் வரவேற்பறைக்கும் சிலைகள். வாங்குபவர் கோயிலிலிருந்து வியாபாரிக்கு மாறினார். வியாபாரி சரக்கை எடுத்துப் போவார், விற்றால்தான் பணம். விற்காவிட்டால் தூசியோடு திரும்பி வரும். மரம் வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஊரடங்கு இந்தச் சுழலை உடைத்தது என்று பெரியவரின் மகன் சொன்னார். வேலையில்லாத நாட்களில் அவர் ஃபோனில் படமெடுத்துப் போட ஆரம்பித்திருக்கிறார். கட்டையாக ஒரு படம், கோடு போட்டதும் ஒரு படம், பாதி செதுக்கியதும் ஒரு வீடியோ. ஆர்டர் வந்தால் பாதிப் பணம் முன்பணம். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் நான் அங்கே பார்த்தவற்றில் இதுதான் பெரிய மாற்றம். மரத்தின் செலவை இப்போது வாங்குபவர் தாங்குகிறார். சிலை செய்வது மாறவில்லை, பணம் வரும் வரிசை மாறிவிட்டது. "முன்னாடி செஞ்சிட்டு வித்தோம்ணே, இப்ப வித்துட்டு செய்யுறோம்" என்றார்.

வாங்குபவர் மாறியதும் மரமும் மாறவேண்டியிருக்கிறது. ஏ.சி. அறையில் வைக்கும் சிலை ஈரம் முழுக்க வற்றாவிட்டால் வெடித்துவிடும். படம் எடுத்து அனுப்பித் திட்டுவார்கள். அதனால் கட்டையை நிழலில் அதிக மாதம் போட்டு வைக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போவதானால் பெட்டி செய்யும் மரத்தையே பூச்சி இல்லாமல் சூடேற்றி முத்திரை வாங்கவேண்டும். தோதகத்தி எனும் ஈட்டி மரத்தை அநேகமாக மறந்துவிட்டார்கள். தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் அதை வெட்டத் தடை போட்டது. 2017 முதல் அந்த மர இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வாகை, மா, மாவலிங்கம், ஒதியம், வேம்பு என்று அக்கம்பக்கத்தில் கிடைப்பதே கைகொடுக்கிறது.

கடன் திட்டங்களைப் பற்றிக் கேட்டேன். 2023 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களுக்கு. 5 சதவீத வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025-ல் வந்தது. 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். கருவி வாங்க இவை உதவும். ஆனால் இவர்களுக்குத் தட்டுப்பாடு கருவியில் இல்லை. மரத்தை வாங்கி மாதக்கணக்கில் காயப்போட்டு வைக்க முடக்கும் பணம்தான் பிரச்சினை. அந்த முதலுக்கென்று தனியாக ஒரு வழி வேண்டும்.

இன்னொரு தட்டுப்பாடு ஆள். இதே பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூரில் சிப்காட் காலணிப் பூங்கா வந்திருக்கிறது. 2022 நவம்பரில் அடிக்கல், அடுத்த வருடமே தொழிற்சாலை. முதல் மாதமே சம்பளம், பஸ் வாசலுக்கு வருகிறது. உளி பிடிக்கப் பழகவே வருடங்கள் ஆகும் வேலைக்குப் பிள்ளைகள் ஏன் வரவேண்டும்? வருத்தப்பட்டுப் பயனில்லை. அந்தச் சம்பளத்துக்கு ஈடாகப் பழகும் காலத்திலேயே கூலி தர பட்டறைக்கு வருமானம் வேண்டும். வருமானத்துக்கு விலை வேண்டும். விலைக்கு, இது கைவேலை என்று வாங்குபவர் நம்பவேண்டும்.

இங்கேதான் எனக்குக் கவலை. கதவுப் பலகைகளுக்கு உருட்டு வேலையை வெளியே சி.என்.சி.யில் ஓட்டிக்கொண்டு வந்து மேலாக உளி வைப்பதும் நடக்கிறது. அது தப்பல்ல. கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள். ஆனால் இவர்களிடமிருந்து இரண்டு கை மாறிக் கடைக்குப் போனபின், முழுக்க மெஷினில் வந்த சிலையும் பெரியவர் முகம் செதுக்கிய சிலையும் ஒரே அலமாரியில் ஒரே பெயரில் நிற்கும். புவிசார் குறியீடு ஊரைச் சொல்கிறது. எவ்வளவு கை, எவ்வளவு மெஷின் என்று கடையில் நிற்பவருக்குச் சொல்வதில்லை. போதாததற்கு, குறியீடு ஊருக்குக் கிடைத்ததும் ஒவ்வொரு ஆசாரிக்கும் தானாக வந்துவிடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக அவரவர் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

இதே சிக்கல் வேறோர் இடத்திலும் வந்திருக்கிறது. இத்தாலியின் வடக்கு மலைகளில் வால் கார்தேனா என்றொரு பள்ளத்தாக்கு. அங்கேயும் தலைமுறை தலைமுறையாகப் புனிதர் சிலை செதுக்குகிறார்கள். போன நூற்றாண்டில் ஒரு மூலச் சிலையைப் பார்த்துப் பல நகல் எடுக்கும் மெஷின் நுழைந்தது. அவர்கள் மெஷினைத் துரத்தவில்லை. மெஷினில் வந்ததை மலிவாக விற்றார்கள். முழுக்கக் கையால் செதுக்கியதற்குத் தனி முத்திரை வைத்தார்கள். இரண்டுக்கும் வாங்க ஆள் இருக்கிறது, விலைதான் வேறு.

அரும்பாவூர், தழுதாழைச் சங்கங்களும் பூம்புகாரும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு சிலையின் அடியிலும் மூன்று விஷயம் போதும்: என்ன மரம், யார் செதுக்கியது, முழுக் கைவேலையா மெஷினும் கையுமா. குரும்பலூர்ப் பட்டறைக்காரரின் கதவுக்கு இதனால் நட்டமில்லை. அவருடைய வாடிக்கையாளருக்கு வேண்டியது சாயங்காலத்துக்குள் கதவு. நட்டமெல்லாம், மெஷின் சிலையைக் கைவேலை விலைக்கு விற்பவருக்குத்தான்.

முத்திரை வரும்வரை வாங்குபவர் கேட்டால்தான் உண்டு. மரச்சிலை வாங்குகிறவர்கள் பாதி வேலையில் எடுத்த படம் ஒன்றைக் கேளுங்கள். கையால் செதுக்குகிறவரிடம் அது கட்டாயம் இருக்கும். பேரம் பேசுங்கள், தவறில்லை. ஆனால் முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்.