குன்னூர் வேலியில் ஒரு குங்குமக் கன்னம்

மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலேறிக் குன்னூரில் இறங்கியதும் உடம்பு முதலில் கேட்பது கம்பளி, அடுத்தது காப்பி. இரண்டும் கிடைத்த பிறகுதான் காது விழித்துக்கொள்கிறது. நான் தங்கியிருந்த வீட்டு முற்றத்தில், யாரோ குழந்தையைக் கொஞ்சி அழைப்பது போல ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். வேலியின் உச்சியில் ஒரு கொண்டைக் குருவி!

கறுத்த கொண்டையை ஒய்யாரமாக நிமிர்த்தி, வெள்ளைக் கன்னத்தில் குங்குமம் தீற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வாலடியிலும் அதே சிவப்பு. 'சிவப்பு மீசைச் சின்னான்' என்று பெயர். மீசை என்றதும் ஆண்களுக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். குஞ்சுக்கு இரை ஊட்டுவதும் இருவர் வேலை.

"எங்கள் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்க்கவேண்டும்!" என்றார் வீட்டுக்கார அம்மாள்.

அவருக்கு அன்று ஒரு கவலை. வேலியை மட்டமாக வெட்டத் தோட்டக்காரர் பெரிய கத்தரியோடு வந்துவிட்டார். வேலிக்குள்ளேயோ, காய்ந்த புல்லும் காகிதக் கிழிசலும் வைத்துப் பின்னிய கிண்ணம் போன்ற கூடு. அதில் இரண்டு குஞ்சுகள். நாங்கள் கிட்டே போனதுதான் தாமதம், பெரிய குருவி ஒன்று தரையில் விழுந்து, சிறகு ஒடிந்தது போலத் துடித்தது! எங்களைத் தன் பின்னால் இழுத்துப் போக அது போட்ட வேஷம் அது.

அம்மாளின் கண் கலங்கிவிட்டது. "பத்து நாள் கழித்து வாப்பா" என்றார்.

தோட்டக்காரர் விடவில்லை. "உண்ணிப் பழத்தைத் தின்று மலையெல்லாம் விதை போடுகிறதே இதுதான், அம்மா!" என்றார். பொய்யில்லை. 1892-இல் மொரீஷியஸ் தீவுக்குப் போன இந்தக் குருவி, அங்கேயும் அந்நியச் செடிகளின் விதையைப் பரப்பியது. ஆனால் உண்ணிச்செடியை அமெரிக்காவிலிருந்து அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் மனிதர்கள் அல்லவா? காட்டு மரங்களின் பழத்தைத் தின்று, அவற்றின் விதையையும் இதுவேதான் தூவுகிறது. எதைத் தின்னக் கொடுக்கிறோமோ, அதைத்தானே விதைக்கும்?

நான்காம் நாள் புறப்படும்போது மறுபடி எட்டிப் பார்த்தேன். புழுவுக்காக இரண்டு வாய்கள் திறந்திருந்தன. கன்னத்தில் சிவப்பு இல்லை. அது வளர்ந்த பிறகுதான் வருமாம்.

"குங்குமம் வைத்துக்கொண்டு ஒரு நாள் வரட்டும். அதுவரை வேலி தலைவிரித்தே இருக்கட்டும்" என்றார் அம்மாள்.