அணுத்துகளும் பால் வாளியும்

அளவறியாதவன் பிறர் கூறும் அளவுக்கு அடிமை. இதனை யாம் ஏட்டிற் கற்றோமல்லோம். நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கு அப்பாலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பால் கொட்டகையிற் கற்றோம்.

விடியலில் மழை தூறிய நாள் அது. எம் தந்தையார் கொணர்ந்த பாலில், கிராணியார் மெட்ரோலாக் என்னும் மிதவைக் கோலை இட்டார். கோல் உயர்ந்து நின்றது. "தண்ணீர் ஊற்றினாயோ?" என்றார். தந்தையார் தலைகுனிந்தார், கூலியும் குறைந்தது. ரப்பர் நீரினும் இலேசானது. ஆதலால் பால் கெட்டியாயின் கோல் தாழும், நீர் மிகின் உயரும். மங்கில் விழுந்த மழையும் அதனை உயர்த்துமென்று எடுத்துரைக்க அன்று எமக்குக் கல்வியில்லை.

நிற்க. அண்மையில் எம் தமக்கையாரின் பெயர்த்தி, "புரோட்டானின் அடர்த்தி எவ்வளவு, தாத்தா?" என வினவினாள். நிறையைப் பருமனால் வகுத்த ஈவே அடர்த்தி. வாளிப் பாலுக்கும் அணுத்துகளுக்கும் விதி ஒன்றே. புரோட்டானின் நிறை 1.67 × 10⁻²⁷ கிலோகிராம், ஆரம் 0.84 × 10⁻¹⁵ மீட்டர். அதனை உருண்டையெனக் கொண்டு, ஆரத்தின் கனத்தை 4.19 ஆற் பெருக்கினால், பருமன் ஏறத்தாழ 2.5 × 10⁻⁴⁵ கன மீட்டர். வகுத்துப் பார்த்தோம்: கன மீட்டருக்கு 6.7 × 10¹⁷ கிலோகிராம்! அப்பொருளில் ஒரு கன சென்டிமீட்டர், 67 கோடி டன் நிறையுடையதாம்.

இந்த ஆரத்தை அறிஞர் முன்னர் 0.88 என்றே கொண்டிருந்தனர். 2010இல் மியூவான் என்னும் துகளைக் கொண்டு அளந்தோர் 0.84 எனக் கண்டனர். ஆரத்தில் நேரும் சிறு பிழை, மும்முறை பெருக்கப்பெறுதலால், அடர்த்தியில் ஏறத்தாழ ஏழிலொரு பங்காக வளர்கின்றது. எனவே அவர்கள் தம் அளவையே ஐயுற்று, மீண்டும் மீண்டும் அளந்தனர். சென்னையிற் பயின்ற சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில், அடர்ந்த விண்மீன்களைப் பற்றி முன்னோர் இட்ட கணக்கை ஐயுற்றுத் திருத்தியதும் தாளும் எழுதுகோலும் கொண்டே, வயது பத்தொன்பது.

எம் தந்தையாரின் கதையையும் அவளுக்குக் கூறினோம். சற்றே எண்ணிய அச்சிறுமி, "அன்று பெய்த மழையை ஒருவரும் கணக்கிற் சேர்க்கவில்லையா?" என்றாள்.

ஐம்பதாண்டுகள் கழித்து எம் தந்தையாருக்காக ஒரு குரல் எழுந்தது. கோல் பொய் சொல்லவில்லை. கோலைப் படித்தவரே காரணத்தை ஆராயவில்லை. அன்பர்களே, நும் மக்களுக்கு, பெண் மக்களுக்குந்தான், கணக்கைக் கற்பியுங்கள். விடையைக் காண்பதற்கு மட்டுமன்று. பிறர் தரும் விடையை வினவுதற்கும்.