காலம் கடந்த கல்வியா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பது நம் ஊர் வழக்கம். குழந்தை வளர்ப்பைக் குறித்துப் பிறந்த இப்பழமொழியை, நரை கண்டவர் கையில் பாடநூலைக் கண்டதும் எடுத்து வீசுவோர் பலர். வளைவது கடினம் என்பது மெய்யே. அதை மறுக்க நாம் முன்வரவில்லை. 53-ஆம் வயதில், திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைத் தமிழ் பயிலப் பெயர் பதிந்து, அக்கடினத்தை நாமே அனுபவித்து வருகிறோம்.

குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்று முடித்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் தேர்வன்று நாம் அறைக்குள் நுழைந்ததும், மேற்பார்வையாளர் வந்துவிட்டார் என்றெண்ணி இளைஞர்கள் எழுந்து நின்றனர். நமக்குரிய இருக்கையில் நாம் அமர்ந்தபோது அடங்கிய சிரிப்பொலி எழுந்தது. எழுதிப் பழக்கம் விட்டுப்போன விரல்கள் முதல் மணி நேரத்திலேயே மரத்துப்போயின. இரவில் படித்த இலக்கண விதி காலைத் திருப்பலிக்குள் மறந்துபோகும். ஆயினும் இவை தாங்கத்தக்கவையே. மறதிக்கு மருந்து மறுவாசிப்பு. நாணத்திற்கு மருந்து பழக்கம். நேரமின்மைக்கு மட்டும் படிப்பவரிடம் மருந்தில்லை. அதை உடன் வாழ்வோர்தாம் தரவேண்டும். உதவிப் பங்குத்தந்தை சனிக்கிழமைப் பணிகளைத் தம் தோள்மேல் ஏற்றிராவிடில், நம் பாடநூல்கள் அலமாரியிலேயே உறங்கியிருக்கும்.

புனித இஞ்ஞாசியாரின் வரலாறும் இதையே காட்டுகிறது. போர்வீரராயிருந்த அவர், 1524-இல், தம் 33-ஆம் வயதில், பார்சலோனா நகரில் சிறுவர்களுக்கிடையே அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பயின்றார். ஈனேஸ் பஸ்குவால் என்னும் மாது தங்க இடம் அளித்தார். இசபெல் ரோசர் என்னும் மாது பொருளுதவி செய்தார். ஆசிரியர் அர்தேவோல் கட்டணமின்றிக் கற்பித்தார். 1528-இல் பாரிசு சென்றபின், அவரினும் இளையவரான பேதுரு ஃபேபர் பாடங்களில் துணைநின்றார். அவர்களோடு ஒரே அறையில் தங்கிய மற்றோர் இளைஞர்தாம் நம் புனித சவேரியார். 1535-இல் இஞ்ஞாசியார் முதுகலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 40-ஐக் கடந்திருந்தது.

நம் மண்ணிலும் சான்று உண்டு. திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்வோர் காந்திகிராமத்தை அறிவர். அதனை நிறுவியோருள் ஒருவரான டாக்டர் சௌந்தரம் அம்மையார், சிறு வயதில் மணமுடிக்கப்பெற்று, இளமையிலேயே கணவரை இழந்தவர். கைம்பெண்ணுக்கு வீட்டு மூலையே இடமென்று விதித்திருந்த காலம் அது. பெற்றோரோ அவரை மீண்டும் படிக்கத் தூண்டினர். தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936-இல், 32-ஆம் வயதில் மருத்துவரானார். 1947-இல் சின்னாளபட்டிப் பகுதியில் சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய அவர் பணி, கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1956-இல் அங்கு எழுந்த கிராமியக் கல்வி நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஒரு மகளுக்குப் பெற்றோர் விட்டுக்கொடுத்த ஆண்டுகள் ஒரு வட்டாரத்திற்கே பயனாயின.

நம் பங்கில் சத்துணவு அமைப்பாளராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் உண்டு. மேல்நிலைக் கல்வியோடு நின்று மணம்புரிந்தவர். மகள் கல்லூரியில் கால்வைத்த ஆண்டில், தாமும் அஞ்சல்வழி இளங்கலையில் சேர்ந்தார். டிசம்பர்த் தேர்வு வந்தது. கிறிஸ்து பிறப்புப் பலகாரமும் வந்தது. முறுக்கு சுட்டு முடித்தார். இரு தாள்களை எழுதாமலே விட்டார். "நான் தடுக்கவில்லையே, சாமி! வேலை முடிந்தபின் படிக்கட்டும்" என்றார் கணவர். "அம்மாவின் வேலை உங்கள் வீட்டில் எந்நாள் முடிந்திருக்கிறது?" என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. மறுவாரம் அன்பியக் கூட்டத்தில் மகனே சொன்னான்: "இரவில் பாத்திரம் இப்போது நான்தான் கழுவுகிறேன்." அச்சகோதரி அடுத்த முறை ஒரு தாளில் வென்றார், மற்றதை மீண்டும் எழுத இருக்கிறார்.

வழி தேடுவோர்க்குச் சில சொல்வோம். 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வயது முதிர்ந்தோரையும் ஏற்கின்றன. மேல்நிலைத் தேர்ச்சி பெற்றோர் இளங்கலையில் சேரலாம். பத்தாம் வகுப்பை முடிக்காதோர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உண்டு. எங்குச் சேர்ந்தாலும், அப்படிப்பிற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பு உள்ளதா என்று பார்த்தபின்னரே பணம் கட்டுங்கள்.

அன்புக்குரிய குடும்பத்தாரே! தம்பியின் படிப்பிற்காகத் தம் படிப்பை விட்ட அண்ணன்மார், மணத்திற்காகப் புத்தகத்தை மூடிய தாய்மார் நம் வீடுதோறும் இருக்கின்றனர். அன்று அவர்கள் உங்களுக்காக விட்டதை இன்று எடுக்க விரும்பினால், புகழ்மொழி கூறிக் கடந்து போகாதீர்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்நேரத்தில் அடுக்களைப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.