அப்பாவையும் ஒருக்காக் கேளுங்கோ

பிள்ளைப்பெறு வீட்டுக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு கணக்கு உண்டு. 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாய்க்குப் பத்தியம், சரக்கு, சுடுதண்ணி வார்ப்பு. ரெக்ஸ்டேலில், கிப்ளிங் வீதியோர அடுக்குமாடியிலும் மாமி அதைக் குறைவில்லாமல் செய்தார். தகப்பனுக்கு அந்தக் கணக்கில் உள்ளது ஒரே வேலை: உழைப்பது.

நான் உழைத்தேன். விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு பண்டகசாலையில் இரவு வேலை; கேட்ட நேரமெல்லாம் ஓவர்டைம். மகளுக்கு மூன்று மாதமாகியும், அவளைத் தூக்கினால் ஆரோ வீட்டுப் பிள்ளையைத் தூக்கியதுபோல இருந்தது. அவள் உறங்கினாலும் எனக்கு நித்திரை இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. கோப்பை வைக்கும் சத்தத்துக்கும் எரிச்சல் வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. "பிள்ளை பிறந்தாப்போல நல்ல பொறுப்பு வந்திட்டுது" என்று சொந்தக்காரர் மெச்சினார்கள். வீட்டுக்குப் போகப் பயந்துதான் வேலையில் நிற்கிறேன் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் விசர் என்பார்கள்.

நாலாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது, வைத்தியர் மனைவியிடம் பத்துக் கேள்விகள் கேட்டார். முடிந்ததும் அவள், "இவரையும் ஒருக்காக் கேளுங்கோ டொக்டர்" என்றாள்.

அந்தக் கேள்விகள் 1987இல் ஸ்கொட்லாந்தில் தாய்மாருக்காக உருவானவை. எடின்பரோ அளவுகோல் என்பார்கள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயந்தீர்களா, அழுதீர்களா என்று கேட்கும். தகப்பன்மாருக்கும் அது உதவும் என்று 2001இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆண்கள் அழுததாகச் சொல்வது குறைவென்பதால், தாய்மாரைவிடக் குறைந்த புள்ளியிலேயே கவனிக்கச் சொன்னார்கள்.

2010இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், 43 ஆய்வுகளைத் திரட்டிய கட்டுரையொன்று வந்தது. கர்ப்ப காலத்திலிருந்து பிள்ளையின் முதலாம் பிறந்தநாள்வரை, ஏறத்தாழப் பத்தில் ஒரு தகப்பனுக்கு மனச்சோர்வு. பிள்ளைக்கு மூன்று முதல் ஆறு மாதமாகும் காலத்தில்தான் அது கூட. தாய் சோர்ந்திருக்கும் வீட்டில் தகப்பனும் சோர்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். எங்கள் வழக்கப்படி பார்த்தால், பிள்ளை பார்க்க வந்தவர்களெல்லாம் போய் முடிந்த காலம் அது.

எனக்கு ஆலோசனையும் சில மாதங்கள் மருந்தும் உதவின. இரவு வேலையை விட்டேன், காசு இறுகியது. மகள்மேல் பாசம் ஒருநாளில் வரவில்லை. குளிக்க வார்த்து, பால் பருக்கி, தோளில் போட்டு நடந்து, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

நாலாம் மாதத்தில் பிள்ளை பார்க்கப் போனால், தகப்பனிடம் எத்தனை ஷிப்ற் என்று கேட்காதீர்கள். நித்திரை வருகிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லும்வரை இருங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் இருப்பதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள். கனடாவில் 988 எந்த நேரமும் எடுக்கலாம்.