பேர் குத்தாத பூட்டு

திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வாசலில் நடக்கும் சினிமா விவாதங்களை நீங்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு பையன்கள் மோதிக்கொண்டிருந்தார்கள்.

‘‘கஜினி, மெமன்டோ படத்துல சுட்டது மாப்ள!’’

‘‘சுட்டா என்ன? படம் ஓடுச்சுல்ல?’’

பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த என்னை நடுவராக்கினார்கள். நான் ‘நாடோடி மன்னன்’ பக்கம் போனேன். ராஜாவும் சாமானியனும் ஒரே முகம், ஆள் மாறாட்டம். 1894-ல் ஆன்டனி ஹோப் எழுதிய ‘தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா’ நாவலின் சரக்கு அது. எம்.ஜி.ஆர். அதை மறைக்கவில்லை. ஆனால், அரியணை ஏறிய நாடோடி ஏழைகளுக்குச் சட்டம் போடுகிறானே, அது ஜெண்டாவில் கிடையாது. 1958-ல் தியேட்டர் அதிர்ந்தது அதற்குத்தான். 1973 இடைத்தேர்தலில் அவருடைய புதுக் கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்ததும் எங்க திண்டுக்கல்தான். இரவல் கதைக்கா ஓட்டுப் போட்டார்கள்?

சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்கிறது. கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

‘‘அப்ப, சுடலாம்ங்கறீங்களா சார்?’’ என்றான் முதல் பையன்.

எனக்கு வாயடைத்துவிட்டது. காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

கல்லூரி நாட்களில் எனக்கொரு சிநேகிதன். நாகல் நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருந்தவரின் மகன். ஒருநாள் டீக்கடையில் ஒரு கதை சொன்னான். ஊருக்கெல்லாம் சாவி செய்து கொடுக்கும் ஒருவர், பாகப்பிரிவினையில் அண்ணன் பூட்டிவிட்ட தன் சொந்த வீட்டு வாசலில் ராத்திரி முழுக்க நிற்கிறார். திறக்கத் தெரியும். திறக்கவில்லை.

அதை நான் நாடகமாக்கி ஆண்டு விழாவில் போட்டேன். கதை, வசனம், இயக்கம் எல்லாம் நானே! முதல் பரிசு எவர்சில்வர் குடம். அம்மா அதில் என் பேரை வேறு வெட்டி வைத்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவன், வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

‘‘எங்கப்பா பேரு குத்தாம ஒரு பூட்டைக்கூட கடைக்கு அனுப்ப மாட்டாருடா.’’

2018-ல் ‘சர்கார்’ கதை தன்னுடையது என்று வருண் ராஜேந்திரன் உயர் நீதிமன்றம் போனார். இயக்குநர் முருகதாஸ் மறுத்தார். கடைசியில் சமரசமாகி, படத்தில் அவர் பெயர் வந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமில்லை. ஒரு வரிதானே, நான் ஏன் போடவில்லை?

கதை இரவல் என்பது குற்றமில்லை. தந்தவன் பேரை முழுங்குவதுதான் குற்றம். அந்தப் பையனிடம் இதைச் சொல்லத்தான் நா எழவில்லை.

இந்தப் பக்கத்தில் உன் பேரைப் போடட்டுமா என்று நேற்று சிநேகிதனுக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சிரித்தான்.

‘‘இப்ப எதுக்குடா? பூட்டு வித்துப் போச்சே.’’