எந்தப் படியில் உட்கார்ந்தீர்கள்?

புரட்டாசி சனிக்கிழமை. திருமலைக்கு நடந்து ஏறும் அலிபிரி அடிவாரத்தில் பொழுது இன்னும் முழுதாக விடியவில்லை. அதற்குள் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. மூட்டை முடிச்சுகளை மேலே அனுப்பும் கவுண்டரில் வேலூர்ப் பேச்சும் சித்தூர்ப் பேச்சும் தெலுங்கும் கலந்து கேட்கின்றன. முதல் படியிலேயே சூடம் எரிகிறது. மஞ்சள் புடவை கட்டிய பெண்கள் குனிந்து குனிந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிறார்கள். படிகள் மொத்தம் 3,550. தூரம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர்.

நான் வந்தது வேண்டுதலுக்காக அல்ல. பூங்காவுக்கும் மலைப்பாதைக்கும் வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டு அவற்றைச் சீர்ப்படுத்துவது இப்போது உலகெங்கும் நடக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானமும் 2025இல் வாட்ஸ்அப் வழியாகக் கருத்துச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, அன்னபிரசாதம், தூய்மை, முடிகாணிக்கை, லட்டு, அறை, வரிசை என்று தலைப்பைத் தேர்ந்தெடுத்து, எழுத்தாகவோ வீடியோவாகவோ பதில் அனுப்பலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடந்து ஏறுகிறவரின் அனுபவம் துறைவாரியாகப் பிரிந்து கிடப்பதில்லை, படிவாரியாகத்தான் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது எப்படி என்று பார்க்கத்தான் ஏறினேன்.

வழியில் வரும் காலி கோபுரம் வரை செங்குத்து. மூச்சு வாங்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்தப் பகுதியில்தான். மோர், வெள்ளரிக்காய், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று விற்கும் கடைகள் கூட்டத்துக்கு ஏற்ப அமைந்திருக்கின்றன. கடை போட்டிருக்கும் இடத்தைப் பார்த்தாலே போதும், ஜனங்கள் எங்கே சோர்கிறார்கள் என்று தெரிந்துவிடும். வியாபாரி எந்தப் படிவத்தையும் நிரப்பச் சொல்லவில்லை. எங்கே விலை போகிறதோ அங்கே கூடையை இறக்கி வைக்கிறார்.

ஓரிடத்தில் ஆரணிப் பக்கத்து அம்மா ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“பாதை எப்படிம்மா இருக்கு? வசதியெல்லாம் சரியா இருக்கா?”

“அதுக்கென்ன தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவன் கூப்புட்டான், வந்தோம். கொற சொல்லலாமா?”

இதைப் படிவத்தில் எழுதினால் ‘மிக நன்று’ என்றுதான் எழுத வேண்டும். கேள்வியை மாற்றினேன். “ஏறி வரச்சே எங்கெங்க உக்காந்தீங்க?”

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். “மொதல்ல அந்த மோர்க் கடைகிட்ட. அப்புறம் கைப்புடி எட்டாத ஒரு வளைவுல உக்காந்துட்டேன், எழுந்திரிக்கவே முடியல, மருமகதான் தூக்கி வுட்டா. இப்ப இங்க. தண்ணியும் அவ்வளவா குடிக்கல தம்பி. குடிச்சா ஒதுங்கணும், அடுத்து எங்க எடம் இருக்குன்னு நமக்கு என்ன தெரியும்?”

ஒரே கேள்வியில் கைப்பிடி, இருக்கை, கழிப்பறைக்கு வழிகாட்டும் பலகை மூன்றும் வந்துவிட்டன. ‘திருப்தியா’ என்று கேட்டபோது இதில் ஒன்றுகூட வரவில்லை. கோயில் பாதையில் குறை சொல்வது பாவம் என்று நினைக்கிற மனம் நம்முடையது. சித்தூரில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் முந்தின நாள் பேசியிருந்தேன். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகராக இருந்த ஊர் அது. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். நாய், விளக்கு, பெஞ்சு என்று கேட்காமலேயே பட்டியல் கொட்டினார்கள். அங்கே பேசியது வரி கட்டுகிறவரின் உரிமை. இங்கே வேண்டுதலுக்கு வந்தவரின் அடக்கம் பேசுகிறது. இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்வித்தாள் போனால், இந்த மலைப்பாதை நூற்றுக்கு நூறு வாங்கிவிடும், மாற்றம் எதுவும் நடக்காது.

இது பக்தர்களுக்கு மட்டும் உள்ள பழக்கமும் அல்ல. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நடத்தும் கணக்கெடுப்புகளிலும் ஆண்டுதோறும் 90 சதவீதத்துக்கு மேல் திருப்தி என்றே வருகிறது. விரும்பி வந்த இடத்தைப் பற்றி யார்தான் வாய்கூசாமல் குறை சொல்வார்கள்? நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் வேறு வழியில் போனார். பொதுச் சதுக்கங்களில் கேமராவை வைத்து ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று நாள்கணக்கில் பார்த்தார். 1980இல் அதைப் புத்தகமாக எழுதினார். உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் ஜனங்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டதில் முக்கியமானது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதற்கு முன் பல சதுக்கங்களைக் கட்டியவர்களுக்கு அது தோன்றவில்லை.

வைட்டுக்கு வெகு காலம் முன்பிருந்தே அலிபிரியில் இப்படி ஒரு பதிவேடு உண்டு. அடிவாரத்துக்குச் சற்று மேலே தலையேறு குண்டு என்ற பாறை. ஏறும்போது கால் வலிக்கக்கூடாது என்று தலையையும் முழங்காலையும் அதில் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வைத்து வைத்துப் பாறையில் குழி விழுந்திருக்கிறது. குழியை விரலால் தடவிப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு வழவழவென்று இருந்தது. இந்தப் பாதையில் ஏறுகிறவருக்கு முழங்கால்தான் பிரச்சினை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. மேலே கடைசி ஏற்றத்துக்குப் பெயரே மோக்காலு மிட்டா, முழங்கால் மேடு. ராமானுஜர் மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் முழங்காலிட்டு ஏறினார் என்பது ஐதீகம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வலியைப் போக்கிவிடுங்கள் என்று தேவஸ்தானத்திடம் யாரும் கேட்கவில்லை. வலியும் வேண்டுதலில் சேர்ந்ததுதான். வேண்டாதவர்களுக்கு மலைச் சாலையில் பஸ் ஓடுகிறது. அவர்கள் கேட்பது விழாமல் ஏற ஒரு பிடி, கௌரவமாக ஒதுங்க ஓர் இடம், நனையாமல் நிற்க ஒரு கூரை. கூரை 2021இல் புதுப்பிக்கப்பட்டது.

காலி கோபுரத்துக்கு அப்பால் பாதை சமமாகிறது, காடு நெருங்கி வருகிறது. 1989இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சேஷாசலக் காடு இது. வருகிறவர் கருத்தை எவ்வளவு கேட்டாலும் போதாத பகுதியும் இதுதான். 2023 ஜூனில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்றது, அவன் பிழைத்தான். ஆகஸ்டில் நரசிம்மர் கோயில் அருகே சிறுத்தை தாக்கி ஆறு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். அதன்பின் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பிற்பகல் 2 மணிக்கு மேல் தடை, கூட்டமாகச் சேர்த்து அனுப்புதல், கையில் கம்பு, காட்டுக்குள் தானியங்கிக் கேமராக்கள் என்று பல ஏற்பாடுகள் வந்தன. சிறுத்தையின் நடமாட்டத்தை மனிதரிடம் கேட்டு அறிய முடியாது, கேமராதான் சொல்ல வேண்டும். அதேபோல, மானுக்கு வெள்ளரிக்காய் கொடுப்பது பிடிக்குமா என்று கேட்டால் பத்துப் பேரும் பிடிக்கும் என்பார்கள். ஆனால் பழத்தோலும் மிச்சச் சோறும் விழுகிற இடத்துக்கு நாயும் மானும் வரும், அவற்றின் பின்னால் சிறுத்தையும் வரும். விலங்குகளுக்குத் தீனி கொடுப்பதைத் தடுத்தது சரிதான், வருகிறவர் எத்தனை பேர் விரும்பினாலும். கருத்துக் கேட்பது வேறு, வாக்கெடுப்பு வேறு.

ஏழாவது மைல் என்று அழைக்கப்படும் இடத்தில், அனுமார் சிலை அருகே, தன் மகனோடு திரும்பி இறங்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்தேன். சர்க்கரை இருக்கிறதாம், தலை சுற்றிவிட்டது. மேலே கொண்டுபோய் எத்தனை கியூஆர் பலகை வைத்தாலும் இவர் கணக்கில் வரமாட்டார். மேலே போய்ச் சேர்ந்தவர்களிடம் மட்டும் கேட்டால், பாதை எல்லோராலும் ஏறக்கூடியது என்றுதான் முடிவு வரும். ஸ்மார்ட்போன் இல்லாத அந்த ஆரணி அம்மாவும் அதே பலகைக்கு எட்டாதவர்தான்.

ஆகவே தேவஸ்தானத்திடம் நான் சொல்ல விரும்புவது இது. ஸ்ரீவாரி சேவைக்கு வரும் தொண்டர்களில் சிலரைக் காலி கோபுரத்திலும் ஏழாவது மைலிலும் உட்கார வையுங்கள். கண்ணில் படுகிறவரை எல்லாம் கேட்காமல், கடந்து போகிறவர்களில் இருபதாவது ஆளை நிறுத்துங்கள். குழுவின் தலைவரிடம் கேட்காமல் கூட வரும் பெண்ணிடமும் முதியவரிடமும் கேளுங்கள். சாதாரண நாளிலும் கேளுங்கள், புரட்டாசிச் சனிக்கிழமையிலும் கேளுங்கள். தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் கேளுங்கள். இறங்கிப் போகிறவரை விட்டுவிடாதீர்கள். நட்சத்திரம் போடச் சொல்ல வேண்டாம். எங்கே உட்கார்ந்தீர்கள், எங்கே தண்ணீர் குடித்தீர்கள், எங்கே பயந்தீர்கள் என்ற மூன்று கேள்வி போதும்.

ஏறப்போகிற வாசகருக்கும் ஒரு வார்த்தை. குழந்தைகளை அழைத்துப் போவதானால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வழியில் யாராவது கருத்துக் கேட்டால் ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். படிகளில் எண் எழுதியிருக்கிறது. எந்தப் படியில் தடுமாறினீர்களோ அந்த எண்ணைச் சொல்லுங்கள்.