உடைந்த சட்டியும் வரலாறுதான்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் யாழ்ப்பாணம் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையில் சில வாரங்கள் பயிற்சி பெற்றேன். சிறிய கட்டிடம். வாசலில் கோட்டையிலிருந்து கொண்டுவந்த பீரங்கிகளும் திமிங்கில எலும்புகளும் இருந்தன.

ஒருநாள் காலையிலேயே இரண்டு பாடசாலைப் பிள்ளைகள் வந்துவிட்டனர். தூசு துடைப்பதா, பதிவேடு எழுதுவதா, "தொடாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டு பின்னால் ஓடுவதா? மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று மணியாகிவிட்டது.

அந்த நேரம் வயதான தாயொருவர் கந்தரோடையில் கிடைத்த மட்பாண்டத் துண்டுகளின் முன் நெடுநேரம் நின்றார். 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்றேன்.

"நானும் அந்தப் பக்கந்தான் பிள்ளை. 1995 இல இடம்பெயரேக்க சோத்துப் பானையை அடுப்பில அப்பிடியே விட்டிட்டு வந்தனாங்கள். திரும்பிப் போகேக்க வீடுமில்லை, பானையுமில்லை. அதையெல்லாம் ஆர் எடுத்து வைப்பினம்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, அந்த வீட்டிலிருந்த பொருட்களை எனது கொப்பியில் எழுதினேன். அம்மி, உரல், சுளகு, மகளின் தொட்டில். அந்தத் தாளைக் கிழித்து அவரிடமே கொடுத்தேன். கவனமாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் இருந்தவற்றையும் எழுதி வையுங்கள். பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள்.